ஒட்டுக்காத் தூக்கம்

குட்டியானை வண்டியில் கட்டில் வந்து இறங்கியபோது லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த லைனில் புதிதாகக் கல்யாணமானவர்கள் யாரும் இல்லை. கட்டிலோ இரண்டு பேர் படுக்கிற அகலக் கட்டில். அது கேட்டை ஒட்டிய முதல் வீட்டுக்குள், அறுபதைத் தாண்டிய கன்னையன் வீட்டுக்குள் போனதும் பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாளால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏனக்கா, இந்த வயசுல டபுள் கட்டலு கேக்குதாக்கும்?”

“கேக்குது. உனக்கு எங்க நோவுது?” என்றாள் கன்னையன் மனைவி முத்தாயி. வீறாப்பாகத்தான் சொன்னாள். ஆனால் கல்யாணப் பெண்ணைப் போல முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கருப்பாத்தாள் அதை ஒரு வாரம், இரண்டு பேரும் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தக் கட்டிலுக்காக முத்தாயி முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தாள்.

குன்னத்தூர்ப் பக்கம் மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருடம், கைக்குழந்தையோடு திருப்பூருக்கு வந்தவர்கள் அவர்கள். கன்னையனுக்கு நிட்டிங் கம்பெனியில் ராத்திரி வேலை கிடைத்தது. உருளை மெஷின் நூலை இழுத்து இழுத்துத் துணியாகக் கீழே இறக்கும். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும், ஊசி உடைந்தால் மாற்ற வேண்டும். முத்தாயிக்குச் செக்கிங்கில் பகல் வேலை. தைத்து வருகிற பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். குழந்தை மைதிலியைப் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஆள் இல்லை. ஒருவர் வேலைக்குப் போனால் ஒருவர் வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும். திருப்பூரில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் பிள்ளை வளர்த்தன.

வீட்டுக்கு ஒரே சாவி. இன்னொன்றுக்குத் தேவையே வரவில்லை. காலையில் அவர் தலையெல்லாம் பஞ்சுப் பிசிறோடு வந்து நிற்பார், அவள் தூக்குப்போசியோடு கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கை மாறும். அவள் எழுந்த பாயில் அவர் படுப்பார். பாயில் அவளுடைய சூடு மிச்சமிருக்கும். இரவு அவள் படுக்கும்போது தலையணையில் அவருடைய பஞ்சுப் பிசிறு ஒட்டியிருக்கும். இதுதான் அவர்களுடைய தாம்பத்தியம். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துதான் படுப்பார்கள். ஆனால் ராத்திரி முழித்துப் பழகிய உடம்பு, அவருக்குத் தூக்கம் வராது. வாசலில் போய் உட்கார்ந்து பீடி குடிப்பார். வாரம் முழுக்க நின்ற களைப்பில் அவள் தலை சாய்த்ததும் குறட்டை விட்டுவிடுவாள்.

“மைதிலிய ஒருத்தங் கையில புடிச்சுக் குடுத்துட்டா நாம ஒட்டுக்காத் தூங்கலாமுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒட்டுக்கா என்றால் ஒன்றாக, சேர்ந்தாற்போல். வேறு எதையும் அவள் அவரிடம் இத்தனை தடவை கேட்டதில்லை.

மைதிலியைக் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். சீரில் கட்டில் மெத்தை போயிற்று, இவர்கள் பாயிலேயே படுத்தார்கள். அப்புறமும் சில வருடம் அவருடைய ராத்திரி வேலை ஓடியது. போன தீபாவளிக்குச் சற்று முன்னால் முதலாளி பழைய மெஷின்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுக் கட்டிடத்தை வாடகைக்கு விட்டார். கன்னையனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் பனியன் மடிக்கிற வேலை கிடைத்தது. பகல் வேலை! முத்தாயி தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு போய்க் கட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

கட்டில் வந்த முதல் ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்தார்கள். கன்னையன் ஐந்து தடவை எழுந்தார்.

ஒன்றுக்குத்தான். கொஞ்ச நாளாகவே அப்படி இருந்தது. மெஷின்கள் நடுவில் நடமாடிக்கொண்டிருந்தவரைக்கும் அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. கம்பெனியில் டாய்லெட் பத்தடியில் இருந்தது. இங்கே லைன் வீட்டில் கக்கூஸ் கடைசியில். தாழ்ப்பாளை நீக்கி, எட்டு வீட்டு வாசலையும் தாண்டி, பைப்படியில் வழுக்காமல் நடந்து போக வேண்டும். போய் நின்றால் உடனே வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வந்தாலும் சொட்டுச் சொட்டாக வந்து, முடிந்துவிட்டது என்று திரும்பினால் முடிந்திருக்காது. படுத்துக் கண் அயர்கிற நேரத்துக்கு மறுபடி முட்டும். அவர் இறங்கும்போதும் ஏறும்போதும் புதுக்கட்டில் கிறீச்சென்று கத்தியது. லைட்டைப் போடாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் இறங்குவார். என்ன செய்தும் முத்தாயி விழித்துவிடுவாள்.

“ஏனுங்க, மறுக்காவுமா?”

“நீ தூங்கு, நீ தூங்கு.”

அவர் திரும்பி வரும்வரை அவளுக்குக் கண் மூடாது. வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். அவர் வந்து படுத்ததும் நிம்மதியாகக் கண்ணை மூடினால், அடுத்த தடவைக்கு அவர் எழுந்துவிடுவார். இப்படி இரண்டு மாதம் போயிற்று. செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே தூங்கினாள். ஒருநாள் அக்குளில் ஓட்டை விழுந்த பீஸ்கள் அவள் கையைத் தாண்டிப் பெட்டிக்குள் போய்விட்டன. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் வைத்துக் கத்தினான். அவன் வயது அவளுடைய சர்வீஸ்கூட இருக்காது.

முத்தாயி இதை வீட்டில் சொல்லவில்லை. கருப்பாத்தாள் சொன்னாள்.

“அண்ணா, அக்காளக் கொஞ்சம் ராத்திரி தூங்க உடுங்க. நின்னமேனிக்கே தூங்கி உழுவுது. இன்னொருக்கா பீஸ் திரும்பி வந்தா வேலைய உட்டே நிறுத்திப்போடுவாங்களாமா” என்றாள். அவள் கிண்டலாகத்தான் கண்ணைச் சிமிட்டினாள். கன்னையனுக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது.

அவர் இரண்டு நாள் யோசித்தார். யோசித்ததும் நிட்டிங்காரனின் யோசனைதான். திருப்பூரில் வாழ்நாளெல்லாம் ஷிப்ட் பார்த்தவனுக்குப் பிரச்சினை என்று எது வந்தாலும் மருந்து ஷிப்டை மாற்றுவதுதான். பெண்டாட்டியோடு சண்டையா, ஷிப்டை மாற்று. பிள்ளைக்குக் காய்ச்சலா, ஷிப்டை மாற்று. ராத்திரியில் முழித்துத்தான் இருக்கப்போகிறோம் என்றால் அதை வேலையாகவே ஆக்கிக்கொண்டால் என்ன? டாக்டரிடம் போகலாம் என்பது அந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. வயதானால் அப்படித்தான், அதைப் போய் யாரிடம் அவிழ்த்துக் காட்டுவது என்று இருந்தார்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

“என்னங்க இது, போலீஸ்காரராட்ட?” என்று சிரித்தாள் முத்தாயி. அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது.

“பெருமாநல்லூர் ரோட்டுல நூல் குடோன் இருக்குதல்ல, அங்க வாச்மேன் கேட்டாங்க. வாறன்னு சொல்லிப்போட்டேன்.”

“பகலுக்குங்களா?”

“நைட்டுக்கு.”

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நைட்டுக்கா? மடிக்கற வேலைக்கு என்ன வந்துச்சு?”

“நின்னுட்டே இருக்கோணும் அம்மிணி. காலு கடுக்குது. அங்கன்னா சேர் போட்டுக் குடுக்கறாங்க.”

“காலு கடுக்குதுன்னா ஊட்ல இருங்க. நான் போறனல்ல வேலைக்கு. இத்தன வருசம் நைட்டுப் பாத்தது பத்தலீங்களா உங்களுக்கு?”

“எனக்கு அதுதாம்புள்ள பழக்கம். ராத்திரியில தூக்கம் புடிக்கறதில்ல.”

“பழகிக்கலாமுங்க. கட்டலு வந்து ரண்டு மாசந்தான ஆகுது.”

“கட்டலு எங்க போவுது? நீ படுத்துக்க. கையக் கால நீட்டி நல்லாப் படு.”

“எனக்குப் போதுமான எடம் பாயிலயே இருந்துச்சுங்க.”

“சோறு போடு, நேரமாச்சு” என்றார். அவள் போட்டாள். தின்றுவிட்டுக் கிளம்பினார். போகும்போது பழக்கதோஷத்தில் சாவியை அவள் கையில் வைத்தார். அந்தச் சாவியை வாங்கும்போது அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்திருப்பாள்.

பழைய வாழ்க்கை அப்படியே திரும்பி வந்தது. முன்பு பாய், இப்போது கட்டில், அவ்வளவுதான் வித்தியாசம். கையைக் காலை நீட்டிப் படுக்கச் சொன்னாரே, அவளால் முடியவில்லை. சுவர் ஓரமாகத் தன் பங்கு இடத்தில் ஒடுங்கிப் படுத்தாள். தூக்கம் வந்தது என்னவோ உண்மை. யாரும் எழுப்பவில்லை, கட்டில் கத்தவில்லை. செக்கிங்கில் ஒரு ஓட்டையும் தப்பவில்லை. ஆனால் விடிந்து கை அந்தப் பக்கம் போனால் மெத்தை ஜில்லென்று கிடந்தது. பிள்ளைக்காகப் பிரிந்திருந்தபோது அவள் அழுததில்லை. இப்போது காரணமே இல்லாமல் பிரிந்திருப்பதாக நினைத்து அழுதாள். என்னைப் பிடிக்கவில்லை, என்னோடு படுக்கப் பிடிக்கவில்லை, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார் என்று தீர்மானித்துவிட்டாள்.

கருப்பாத்தாளிடம் ஒருநாள் டீ நேரத்தில் சொன்னாள். “தனியாவே இருந்து அவருக்குப் பழகிப்போச்சு கருப்பாத்தா. பக்கத்துல ஒருத்தி கெடக்கறது இடைஞ்சலா இருக்குதாட்ட இருக்குது.”

கருப்பாத்தாளுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தான் பற்றவைத்ததுதான் இது என்று அவளுக்குப் புரிந்தது. “அப்படியெல்லாம் இருக்காதுக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை ஊதினாள்.

மாசி மாதம் ஆர்டர் குறைந்தது. ஒரு புதன்கிழமை அரை ஷிப்டோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். உச்சி வெயிலில் முத்தாயி வீட்டுக்கு வந்தாள். லைனில் ஈ, காக்கை இல்லை. கருப்பாத்தாள் அப்படியே கடைவீதிக்குப் போய்விட்டாள், மற்றவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கைகால் கழுவப் பைப்படிக்குப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், கயிறு கட்டித் துணித் துண்டுகள் காய்வதைப் பார்த்தாள். கட்டிங்கில் கழித்துப் போடுகிற பனியன் துணி. உள்ளங்கை அகலத்துக்கு நாலாக மடித்து ஓரம் தைத்த துண்டுகள். முரட்டுத் தையல், ஆம்பிளைத் தையல். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்கு அது எதற்கான துணி என்று சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

அப்போது முதல் வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியை இடுக்கிக்கொண்டு கன்னையன் வேகமாக வந்தார். இவளைக் கவனிக்கவில்லை. கக்கூஸுக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. உள்ளே இருந்து ஒரு முனகல் கேட்டது. வெளியே வந்தபோதுதான் பார்த்தார். அவள் கையில் அந்தத் துணி.

“என்னம்மிணி, நேரத்துலயே வந்துட்ட?”

“ஏனுங்க, இது என்ன?”

“அது... தொடைக்கற துணி.”

“எதத் தொடைக்கறதுங்க?”

அவர் பைப்படிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் தூங்குகிறவருடைய கண்ணா அது? குழி விழுந்து, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. அவள் இத்தனை நாள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. சாவி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் முறைப்பாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“சொட்டுது அம்மிணி. போயிட்டு வந்தப்பறமும் சொட்டுது. வேட்டி நனஞ்சுபோவுது. அதுக்கோசரம் வெச்சுக்கறன்.”

“பகல்லயுமா எந்திரிக்கறீங்க?”

“உடம்புக்குப் பகல்னு தெரியுதா, நைட்டுன்னு தெரியுதா? படுத்தா வந்துருது. தண்ணியே குடிக்காமக்கூட இருந்து பாத்துட்டேன். எரியறதுதான் மிச்சம்.”

“இதுக்குத்தான் வாச்மேன் வேலைக்குப் போனீங்களா?”

“நீ நின்னமேனிக்கே தூங்கறன்னு சொன்னாங்க. அந்தப் பொடியன் எல்லாத்து முன்னாலயும் உன்னய வெஞ்சானாமா. நானொருத்தன் எந்திரிச்சு எந்திரிச்சு உன்ற தூக்கத்தயும் கெடுத்துட்டு... எப்புடியும் முழிச்சிட்டுத்தான இருக்கறோம், அக்கட்டால போயி முழிச்சுட்டு இருந்தா நீயாவது தூங்குவயல்லன்னு...”

முத்தாயி அந்தத் துணியை அவர் மேலேயே எறிந்தாள்.

“தூக்கத்த நான் கேட்டனுங்களா? உங்ககிட்டத் தூக்கத்தக் கேட்டனா? முப்பது வருசமாத் தனியா நல்லாத்தான தூங்குனேன்! நீங்க எந்திரிச்சுப் போவீங்க, வருவீங்க, நான் முழிச்சுக் கெடப்பேன், வந்து படுத்தீங்கன்னா உங்க கால் என்ற கால்ல படும், ஜில்லுன்னு இருக்கும். அந்த ரண்டு மாசமும் எனக்குத் தூக்கமே இல்ல. ஆனா நெம்ப சந்தோசமா இருந்தனுங்க. அது தெரியாதுங்களா உங்களுக்கு?”

“நீ சொல்லலியே.”

“நீங்க சொன்னீங்களா? புடிக்காமத்தான் போறாருன்னு நெனச்சுட்டு நான் ஒருத்தியா கெடந்து அழுதுட்டு இருந்தேன்!”

“அட, யாராச்சும் அப்புடி நெனப்பாங்களா?”

“கம்முனு இருங்க.”

அவள் பைப்படியில் நின்றுகொண்டு முகத்தைக் கழுவினாள், கழுவக் கழுவ மறுபடி அழுதாள். பிறகு கயிற்றில் கிடந்த துண்டுகளை எல்லாம் உருவி எடுத்தாள்.

“கெளம்புங்க. ஆசுபத்திரிக்கு.”

“டாக்டரு பொம்பளையா இருந்தா?”

“இருந்தா இருக்கட்டும். நான் சொல்லிக்கறேன், நீங்க செவுத்தப் பாத்துட்டு உக்காந்துக்குங்க.”

டாக்டர் பெண்ணாகத்தான் இருந்தார். மகள் மைதிலியின் வயதுதான் இருக்கும். முத்தாயி சொன்னபடியே கன்னையன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி போனபோது டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

“ஐயா, பயப்படற மாதிரி எதுவும் டெஸ்ட்ல தெரியல. ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி, ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கறது. வயசாக ஆக நிறையப் பேருக்கு வீங்கிப் போகும். அது பாதையை நெருக்குறதால யூரின் முழுசா வெளிய வராம மிச்சம் தங்கிடுது. அதான் சீக்கிரமே மறுபடி முட்டுது. மாத்திரை தர்றேன். ஒரேயடியா நிக்கும்னு சொல்ல மாட்டேன், குறையும். மூணு மாசம் பார்ப்போம், குறையலைன்னா அடுத்து என்னன்னு யோசிக்கலாம். ராத்திரி டீ குடிப்பீங்களா?”

“நைட்டு ஷிப்ட்காரனுங்க. டீ இல்லாம எப்புடிங்க சாமி?”

“எத்தனை?”

கன்னையன் காலண்டரைப் பார்த்தார். முத்தாயிதான் சொன்னாள். “பிளாஸ்க்குல கொண்டு போறாருங்க.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பிளாஸ்கை ஒழிச்சுக் கட்டுங்க. பகல்ல தண்ணி நல்லாக் குடிங்க, குடிக்காம இருக்கக் கூடாது. இருட்டினப்புறம் குறைச்சுக்கோங்க. மாத்திரைக்குத் தலை சுத்தலாம், படுக்கையில இருந்து சட்டுனு எந்திரிக்காதீங்க. கொஞ்சம் உக்காந்துட்டு எந்திரிங்க.”

“உக்காந்தா கட்டலு கத்துங்களே” என்றார் கன்னையன்.

டாக்டருக்கு அது புரியவில்லை. முத்தாயிக்குப் புரிந்தது. “கத்துனாக் கத்தட்டுங்க” என்றாள்.

குடோனில் மாற்று ஆள் வரும்வரை அவர் காக்கிச் சட்டையோடு போய்வந்தார். பங்குனி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மடிக்கிற வேலைக்குப் புதன்கிழமையிலிருந்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் முத்தாயி சந்தகை பிழிந்தாள். பொழுது இறங்கியதும் அவர் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கி வைத்தாள்.

மறுநாள் காலை. ஜன்னல் வழியாக வெயில் வந்து கட்டில் காலில் விழுந்துவிட்டது. முத்தாயிக்கு எப்போதோ விழிப்பு வந்துவிட்டது. ராத்திரி அவர் இரண்டு தடவைதான் எழுந்தார். இப்போது அவள் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, அசையாமல் கிடக்கிறார். இந்த மனிதர் தூங்கி எத்தனை காலமாயிற்று! அவள் எழுந்தால் கட்டில் கத்தும், அவர் விழித்துவிடுவார். அவள் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே கிடந்தாள். அவர் காதுக்குள் ஒரு வெள்ளை நூல் பிசிறு தெரிந்தது. நிட்டிங்கை விட்டு வந்து இத்தனை நாளாகியும் எங்கிருந்துதான் வருகிறதோ. எடுத்துவிடக் கை பரபரத்தது. எடுக்கவில்லை.

கம்பெனி வண்டியை ஓட்டுகிற லிங்கசாமி முனையில் வந்து ஹாரன் அடித்தான். கருப்பாத்தாள் கேட்டிலிருந்து, “அக்கா, வண்டி வந்துருச்சு!” என்று கத்தினாள். முத்தாயி வாயைத் திறக்கவில்லை. லிங்கசாமி மறுபடி அடித்தான். கருப்பாத்தாள் வந்து கதவருகில் நின்றாள். என்ன நினைத்தாளோ, தட்டாமல் போய்விட்டாள். “ஓட்டுப்பா, அந்தக்கா வரல” என்று அவள் சொல்வது கேட்டது. வண்டி நகர்ந்தது. இத்தனை வருட சர்வீஸில் முத்தாயி வண்டியை விட்டது அதுதான் முதல் தடவை.

சத்தமெல்லாம் அடங்கிய பிறகு கன்னையன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“ஏம்புள்ள, முழிச்சிட்டயா?”

“எப்பவோ முழிச்சுட்டனுங்க. நீங்க?”

“நானும் எப்பவோ முழிச்சுட்டேன்.”

“அப்பறம் ஏனுங்க எந்திரிக்கல?”

“நீ தூங்கறயேன்னுதான்.”

“நீங்க தூங்கறீங்கன்னுதானுங்க நான் வண்டிய உட்டேன்!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்தாயிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கட்டில் கிறீச் கிறீச்சென்று அவளோடு சேர்ந்து ஆடியது.

“சிரிக்காத அம்மிணி. சிரிச்சா எனக்குத் தாங்காது.”

“ஏனுங்க, வருதுங்களா?”

“வந்து நெம்ப நேரமாச்சு.”

“அட மனுசா! எந்திரிச்சுப் போங்க. உக்காந்து, மெதுவா எந்திரிங்க.”

அவர் உட்கார்ந்தார், கொஞ்சம் பொறுத்து எழுந்தார், தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு போனார். அவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு வாசலாகத் தாண்டிப் போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் மெத்தை மேல் ஏறியது. வேலை நாளில் இந்த நேரத்தில் இந்த வீடு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அவர் தூங்கிய தூக்கமெல்லாம் இந்த வெளிச்சத்தில்தான் தூங்கியிருக்கிறார், அவள் ஒரு தடவைகூடப் பக்கத்தில் படுத்திருந்ததில்லை.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கன்னையன் வாசலிலேயே தயங்கி நின்றார்.

“நேரமாச்சே. மினி பஸ்ஸப் புடிச்சா அரை ஷிப்டுக்காவது போயிரலாம். போறயா?”

முத்தாயி சுவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

“கதவச் சாத்திட்டு வாங்க” என்றாள்.